ரிப்பன் பிரபுவின் கொடிவழி

கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் சென்னை சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் காண்பது, மணிக்கூண்டோடு வெண்ணிறமாக நிமிர்ந்து நிற்கும் ரிப்பன் மாளிகையை. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் சிலர், தலையில் கட்டும் ரிப்பனுக்கும் அந்த மாளிகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதுண்டு. பெற்றோர் பலரும் அவர் ஒரு வெள்ளைக்காரப் பிரபு என்ற அளவில் விடையளித்து ஆட்டோவுக்குப் பேரம் பேசச் சென்றுவிடுகின்றனர். அந்தப் பிரபு யார், எந்தக் குடியில் வந்தவர், ஆங்கில வைசிராய்கள் பலர் இருக்க அவர் பெயரை மட்டும் நம் முன்னோர் ஏன் உவந்து போற்றினர் என்பவற்றை ஆராய்வது பயனுடையது.

வடமொழியிலும் தமிழிலும் மெய்க்கீர்த்தி பாடிய புலவர்கள் அரசனைப் புகழுமுன் அவன் குலத்தைப் புகழ்ந்தனர். ஆங்கிலேயர்க்கும் இவ்வழக்கம் உண்டு. பிரபுக்களின் வமிசாவளியைத் தொகுத்து அச்சிட்டு வைத்த நாடு அது. அவ்வழியே நாமும் வேரிலிருந்து தொடங்குவோம்.

தந்தைவழியில் ரிப்பன் ராபின்சன் குடியைச் சேர்ந்தவர். இக்குடியின் முதல்வர் போர்வீரரும் அல்லர். அரசர்க்கு உறவினரும் அல்லர். யார்க் நகரத்து வணிகர். வில்லியம் ராபின்சன் என்னும் அவர் 1581-இலும் பின்னர் 1594-இலும் அந்நகரின் மேயராக இருந்தார். வாணிகத்தில் வந்த பொருள் நிலமாயிற்று, நிலம் பட்டமாயிற்று. நான்கைந்து தலைமுறைக்குப் பின் அவ்வழியில் வந்த சர் தாமஸ் ராபின்சன் வியன்னா நகரில் பதினெட்டு ஆண்டுகள் ஆங்கிலத் தூதராக இருந்து, 1761-இல் கிரந்தம் பிரபு ஆனார். அவர் மகனும் ஸ்பெயினில் தூதராகவும் பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கினார். இம்மகனுக்கு இரு ஆண்மக்கள். மூத்தவர் தாய்வழி உரிமையால் டி கிரே ஏர்ல் ஆனார். இளையவரே நம் ரிப்பனின் தந்தை பிரெடரிக் ஜான் ராபின்சன்.

இந்தத் தந்தையின் கதை சுவையானது. 1815-இல் அயல்நாட்டுத் தானியத்தைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். ரொட்டி விலை ஏறும் என்று வெகுண்ட லண்டன் மக்கள் அவர் வீட்டைச் சூறையாடினர். காவலர் சுட்டதில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதைப் பாராளுமன்றத்தில் விவரித்தபோது அவர் கண்ணீர் விட்டழுதார். பிற்காலத்தில் நிதியமைச்சராகி நாட்டின் வளத்தைப் பெருமையாகப் பேசியதால் ‘வளமை ராபின்சன்’ என்ற பட்டப்பெயரும் பெற்றார். 1827 ஆகஸ்டில் கோடரிச் பிரபு என்ற பெயரோடு பிரதமரானார். ஐந்து மாதம் முழுமையாக நிறையவில்லை. சகாக்களின் பூசலைத் தாளமாட்டாமல் 1828 ஜனவரியில் விலகினார். பதவிக்காலத்தில் ஒருநாள்கூடப் பாராளுமன்றத்தைச் சந்திக்காத பிரதமர் என்ற விநோதப் புகழ் அவருக்கே உரியது. அந்தச் சில மாதங்களுக்குள், 1827 அக்டோபர் 24-இல், பிரதமரின் இல்லமான 10, டவுனிங் தெருவில் ஜார்ஜ் பிரெடரிக் சாமுவேல் ராபின்சன் பிறந்தார். தொட்டில் கிடந்த வீடே ஆங்கிலப் பேரரசின் தலைவாயில்!

தாய்வழி இதனினும் நம்மை நெருங்கியது. தாயார் சாரா, ஹோபார்ட் குடியைச் சேர்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெருநீதிபதிகளுள் ஒருவராயிருந்து நார்போக் வட்டாரத்தில் பிளிக்லிங் என்னும் பெருமாளிகையைக் கட்டிய சர் ஹென்றி ஹோபார்ட் அக்குடியின் புகழுக்கு வித்திட்டவர். அவர் வழியினர் ஒருவர் ஜான் ஹாம்டனின் மகளை மணந்தார். ஹாம்டன் யாரென்று ஆங்கில வரலாறு படித்தோர் அறிவர். பாராளுமன்றத்தின் இசைவின்றி முதலாம் சார்லஸ் மன்னர் விதித்த கப்பல் வரியைச் செலுத்த மறுத்து வழக்காடியவர். ஆலிவர் கிராம்வெல்லுக்கு அத்தை மகன். வரி கொடாமையை அறமாக்கிய அந்த மனிதரின் குருதி ரிப்பனிடம் ஓடியது.

அதே தாயைப் பெற்ற பாட்டனார் ராபர்ட் ஹோபார்ட் பிரபுவோ 1794 முதல் 1798 வரை சென்னையின் கவர்னர். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அவர் ஏவிய படையே 1795, 1796 ஆண்டுகளில் இலங்கையின் டச்சுக் கோட்டைகளைக் கைப்பற்றியது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து நிலங்களை எழுதி வாங்க அவர் அழுத்தம் கொடுத்தார். அது மிகை என்று கருதிய கவர்னர் ஜெனரல் ஷோரோடு பிணங்கினார். அவர் மனைவி 1796-இல் சென்னையிலேயே இறந்தார். ஊர் திரும்பியபின் குடியேற்ற நாட்டமைச்சராக இருந்த காலத்தில் டாஸ்மேனியாவில் எழுந்த ஹோபார்ட் நகரத்துக்கு அவர் பெயரை இட்டனர். நிற்க. 1812 முதல் 1816 வரை அவர் வகித்த பதவி நாம் கருதத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அது. அதாவது லண்டனிலிருந்து இந்தியாவை ஆளும் நாற்காலி. 1843-இல் அதே நாற்காலியில் மருமகன், அதாவது ரிப்பனின் தந்தை, மூன்றாண்டுகள் அமர்ந்தார். கம்பெனி ஒழிந்து அந்நாற்காலிக்கு இந்திய மந்திரி என்று பெயர் மாறிய பின், 1866 பிப்ரவரியில் பேரனாகிய ரிப்பனும் ஐந்து மாதம் அதில் இருந்தார்.

பாட்டன், தந்தை, பேரன் என மூவரும் இந்தியாவின் தலையெழுத்தை எழுதும் மேசையில் கையொப்பமிட்டவர்கள். ரிப்பனின் பெருமையைப் பேசுவோர் பலர் இதனைக் கூறுவதில்லை. அவர் எங்கிருந்தோ வந்த புண்ணியவான் அல்லர். பேரரசு அவருக்குப் பிதிரார்ஜிதம். அவ்வாறிருந்தும் அவர் ஆண்ட முறை பாட்டனாரின் முறையாக அமையவில்லை என்பதே வியப்பு.

ரிப்பனுக்கு முன் பிறந்த இரு குழந்தைகளும் இறந்துவிட்டமையால் தாயார் இவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். பள்ளிக்கும் அனுப்பவில்லை, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் எதற்கும் அனுப்பவில்லை. பிரபு வீட்டுப் பிள்ளைகள் ஈட்டன் பள்ளியில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளும் மிடுக்கும் ஏளனமும் இவருக்கு ஒட்டாமற் போனமைக்கு இதுவே காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. வீட்டு நூலகத்தில் தாமே படித்து, இருபத்தைந்து வயதுக்குள் கிறித்தவ சமதர்மிகள் எனப்பட்ட மாரிஸ், கிங்ஸ்லி, தாமஸ் ஹ்யூஸ் முதலியோரின் கூட்டத்தில் சேர்ந்தார். 1852-இல் இயந்திரத் தொழிலாளரை முதலாளிகள் ஆலைக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, தொழிலாளர் பக்கம் நின்று பொருளுதவி செய்தார். அதே ஆண்டு ‘காலத்தின் கடமை’ என்ற பொருள்பட ஒரு சிறு நூல் எழுதினார். மக்கள் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பது அதன் சாரம். அச்சாகி வந்த அந்நூலைக் கண்டு மாரிஸே திடுக்கிட்டு, வெளியிடாமல் நிறுத்திவிட்டார். சமதர்மிகளுக்கே அதிகமாகிப்போன சமதர்மம், முன்னாள் பிரதமரின் மகன் கையிலிருந்து வந்தது!

1851-இல் அவர் ஹென்றியெட்டா வைனர் என்பாரை மணந்தார். இவ்வம்மையார் டி கிரே ஏர்லின் மகள் வயிற்றுப் பேத்தி. பெரியப்பா மகள் நமக்குத் தமக்கை முறை. அவள் மகள் அக்காள் மகள். நம் பக்கத்து வழக்கப்படி பார்த்தால் உரிமைப் பெண்ணையே அவர் கொண்டிருக்கிறார். ஆங்கிலேயர் இம்முறையை அறியார் எனினும் நம் பாட்டிமார் கேட்டிருந்தால் பொருத்தமான சம்பந்தம் என்றே சொல்லியிருப்பர்.

1859-இல் ஒரே ஆண்டில் தந்தையும் பெரியப்பாவும் காலமாயினர். இருவர் பட்டமும் இருவர் நிலமும் இவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றோடு யார்க்ஷயரில் ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டட்லி ராயல் என்னும் பெருந்தோட்டமும் வந்தது. அத்தோட்டத்தை அமைத்த ஜான் ஐஸ்லபி, தென்கடல் கம்பெனியின் பங்கு மோசடியில் சிக்கி 1721-இல் பாராளுமன்றத்திலிருந்து விலக்கப்பட்டுச் சிறைப்பட்ட நிதியமைச்சர். அதன் எல்லைக்குள், எட்டாம் ஹென்றி மன்னர் 1539-இல் கலைத்த பவுண்டன்ஸ் என்னும் கத்தோலிக்க மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. இதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

பின்னர் போரமைச்சர், இந்திய மந்திரி, 1868 முதல் ஆலோசனைச் சபைத் தலைவர் எனப் பதவிகள் தொடர்ந்தன. 1871-இல் அமெரிக்காவோடு இருந்த பழம்பகையைத் தீர்த்த வாஷிங்டன் உடன்படிக்கையை முடித்துக்கொடுத்ததற்காக மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் குடும்பத்தில் இடி விழுந்திருந்தது. மனைவியின் தம்பி பிரெடரிக் வைனர் கிரேக்க நாட்டில் மாரத்தான் அருகே கொள்ளையரிடம் சிக்கிக் கொலையுண்டார். அவர் நினைவாக ஸ்டட்லியில் புரொடஸ்டண்ட் முறையில் ஓர் எழில்மிகு ஆலயம் எழத் தொடங்கியது. அவ்வாலயம் கட்டி முடியுமுன், 1874 செப்டம்பரில், ரிப்பன் கத்தோலிக்கரானார். ஆங்கில பிரீமேசன் சங்கத்தின் பெருந்தலைவர் பதவியையும் அதற்காகத் துறந்தார். தம் நிலத்தில் தாமே எழுப்பும் கோயில் ஒரு நெறிக்கு உரியது. அதற்குச் சிறிது தொலைவில் இடிந்து கிடக்கும் பழைய மடமோ தாம் புதிதாகத் தழுவிய நெறிக்கு உரியது!

அக்காலத்து இங்கிலாந்தில் இது சிறு செய்தி அன்று. ‘டைம்ஸ்’ ஏடு கடிந்தெழுதிற்று. கத்தோலிக்கராகி விட்டவர் ஆங்கிலேயராகச் சிந்திக்க முடியுமா என்று கேட்டனர். அவரது அரசியல் வாழ்வு முடிந்ததென்றே பலரும் கருதினர். ஆறு ஆண்டுகள் பெரிய பதவி ஏதுமில்லை. 1880-இல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமராகி, லிட்டன் பிரபுவுக்கு மாற்றாக ரிப்பனை இந்தியாவுக்கு அனுப்பியபோது கூச்சல் மறுபடியும் எழுந்தது. கத்தோலிக்கர் ஒருவர் அயர்லாந்தின் ராஜப்பிரதிநிதியாகச் சட்டம் இடந்தராத காலம் அது. இந்தியாவுக்கு அத்தடை எழுதப்படவில்லை. சட்டத்தின் அந்த இடைவெளி வழியாகத்தான் ரிப்பன் நம்மிடம் வந்தார்.

1880 ஜூனில் சிம்லாவில் பொறுப்பேற்றார். லிட்டன் தொடங்கிவைத்த ஆப்கன் போரைச் சமாதானத்தில் முடித்தார். 1881 பிப்ரவரி 17-இல் நாடெங்கும் ஒரே சமயத்தில் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. அவ்வாண்டே மைசூர் அரசு உடையார் குடும்பத்திடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. முதல் தொழிற்சாலைச் சட்டமும் அவ்வாண்டினதே. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைத்தல் ஆகாது என்றது அது. (ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.) இந்திய மொழி ஏடுகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் 1882-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய அய்யரின் ‘சுதேசமித்திரன்’ பிறந்தது.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. 1882 மே 18-ஆம் நாளிட்ட ஸ்தலசுய ஆட்சித் தீர்மானத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன். அலுவலகத்தில் தீர்மானங்களையும் சுற்றறிக்கைகளையும் நாள்தோறும் புரட்டுபவன் என்ற முறையில், அரசாங்கத் தாளில் இப்படியும் எழுதலாமா என்று வியக்கவைத்த ஆவணம் அது. நகரசபைகளிலும் ஊரகச் சபைகளிலும் உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. இயன்ற இடங்களில் தேர்தல் வேண்டும். தலைவர் பதவியும் கூடுமானவரை உத்தியோகஸ்தர் அல்லாதாரிடமே இருக்கவேண்டும் என்றது. இதனால் நிர்வாகம் செம்மையாகும் என்று அது வாக்களிக்கவில்லை. தொடக்கத்தில் தவறுகள் நேரலாம், மக்கள் அரசியலில் பயிற்சி பெறுவதே முதல் நோக்கம் என்று வெளிப்படையாகக் கூறியது. தவறு செய்யும் உரிமையை ஆளப்படுவோர்க்கு வழங்கிய அரசாணைகள் உலகில் மிகச் சிலவே. மாகாண அரசுகளும் கலெக்டர்களும் அதனை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினர். ஆயினும் சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டு ஸ்தலஸ்தாபனச் சட்டமும் மாவட்ட நகராட்சிச் சட்டமும் அதிலிருந்து கிளைத்தவை. நம் தாத்தாமார் நாவில் புரண்ட ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்னும் சொற்களின் மூலம் அங்கே உள்ளது. யார்க் நகரத்து மேயரின் வழித்தோன்றல் நகரசபைகளுக்கு வாழ்வளித்தது குடிப்பிறப்பின் எதிரொலி எனல் தகும்.

இனி இல்பர்ட் மசோதா. அதன் தொடக்கம் ஓர் அலுவலகக் குறிப்பு. பிஹாரிலால் குப்தா என்னும் வங்காள ஐ.சி.எஸ். அதிகாரி கல்கத்தாவில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோது ஐரோப்பியரை விசாரிக்கும் அதிகாரம் பெற்றிருந்தார். உயர்பதவியில் வெளிமாவட்டம் சென்றால் அவ்வதிகாரம் போய்விடும். ஏனெனில் மாநகருக்கு வெளியே இந்திய நீதிபதி ஐரோப்பியனை விசாரித்தல் ஆகாது. பதவி ஏற ஏற அதிகாரம் குறையும் இவ்விந்தையை அவர் 1882-இல் மேலிடத்துக்கு எழுதினார். அதைக் களையவே சட்ட உறுப்பினர் இல்பர்ட் 1883 பிப்ரவரி 9-இல் மசோதாவைக் கொண்டுவந்தார்.

அதன்பின் இக்கல்கத்தா கண்ட காட்சி வெட்கத்துக்குரியது. பிப்ரவரி 28-இல் நாமெல்லாம் அறிந்த டவுன் ஹாலில் ஐரோப்பியர் பெருந்திரளாகக் கூடி, இந்தியரை இழிமொழிகளால் ஏசினர். தேயிலை, அவுரித் தோட்ட முதலாளிகள் நிதி திரட்டினர். வைசிராயின் விருந்துகளைப் புறக்கணித்தனர். தெருவில் அவரைக் கண்டு இகழ்ச்சிக் குரல் எழுப்பினர். சந்த்பால் படித்துறையில் கப்பலேற்றி அவரைக் கடத்திவிடச் சிலர் சதி செய்ததாகவும் அக்காலத்தோர் எழுதி வைத்திருக்கின்றனர். பிரதமர் வீட்டில் பிறந்த மார்க்விஸுக்கே இக்கதி என்றால், வெறும் குப்தாக்களின் நிலை எவ்வாறிருந்திருக்கும்!

ரிப்பன் இறுதிவரை நின்றாரா? நிற்கவில்லை. 1884 ஜனவரியில் நிறைவேறிய சட்டம், இந்திய மாவட்ட மாஜிஸ்டிரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றது. உடனேயே, குற்றஞ்சாட்டப்பட்ட ஐரோப்பியன் விரும்பினால் ஜூரியில் பாதிப்பேருக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கவேண்டும் என்றும் சேர்த்தது. கொடுத்த கையே பறித்துக்கொண்டது. அவரது கவுன்சில் உறுப்பினரும் மாகாண அதிகாரிகளும் கைவிட்டனர் என்பது உண்மை. ஆயினும் ஹாம்டனின் வழிவந்தவர் இன்னும் சற்று உறுதியாக நின்றிருக்கலாம் என்பதே என் கருத்து. 1882-இல் மான்செஸ்டர் துணிக்கு இறக்குமதி வரி அடியோடு நீக்கப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். அதே ஆண்டில் உப்பு வரி குறைக்கப்பட்டதை மட்டும் சொல்லி இதனை விடுத்தல் நேர்மையாகாது. 1866-இல் இவர் இந்திய மந்திரியாக இருந்த மாதங்களில்தான் ஒரிசாப் பஞ்சம் முற்றியது. லண்டன் அதன் கொடுமையை உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது. பஞ்ச நிவாரண விதிகள் இவர் வைசிராயாக இருந்த 1883-இல் வரையறுக்கப்பட்டமை, அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது எனலாம்.

எனினும் மக்கள் கணக்கு வேறு. இவருக்காக ஐரோப்பியர் ஏசப்பட்டிலர். ஐரோப்பியரால் இவர் ஏசப்பட்டார். அதுவே போதுமானதாயிற்று. 1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபோது கல்கத்தா முதல் பம்பாய் வரை வழியெங்கும் கூட்டம் திரண்டது. முன்னெந்த வைசிராய்க்கும் நேராதது அது. ஓராண்டில், 1885 டிசம்பரில், காங்கிரஸ் கூடிற்று. வழியனுப்பக் கூடிய கூட்டங்களில் தம் எண்ணிக்கையைத் தாமே முதன்முதலாகக் கண்டவர்களே அதில் வந்தமர்ந்தனர். 1883-இல் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்ற சுரேந்திரநாத் பானர்ஜி, அச்சிறைவாசம் நேர்ந்தது ரிப்பன் ஆட்சியிலேயே என்றாலும், தம் கல்லூரிக்கு ரிப்பன் பெயரையே இட்டார். விடுதலைக்குப் பின் அது சுரேந்திரநாத் கல்லூரியாயிற்று. இந்நகரத்து ரிப்பன் தெருவும் முசாபர் அகமது தெருவாகிவிட்டது. ரிக்ஷாக்காரர் மட்டும் பழம்பெயரை விடவில்லை. சென்னையிலோ ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று எதுகையோடு சொல்லிவைத்தனர். மாநகராட்சிக்கு அவர் பெயரால் எழுந்த மாளிகைக்கு 1909 டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார்; 1913-இல் அது திறக்கப்பட்டது.

ஊர் திரும்பிய ரிப்பன் சும்மா இருக்கவில்லை. கடற்படை அமைச்சர், குடியேற்ற நாட்டமைச்சர் எனப் பணிபுரிந்து, எழுபத்தெட்டு வயதில் மீண்டும் அமைச்சரவையில் அமர்ந்து, 1908-இல்தான் ஓய்வு பெற்றார். இப்பதவிகளுக்கு இடையே 1895-இல் அவர் ஏற்ற ஒரு பதவியை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இருபத்தைந்து கோடி மக்களுக்கு வைசிராயாக இருந்து நகரசபை விதிகளை வகுத்தவர், தம் ஊராகிய ரிப்பன் என்னும் சிற்றூருக்கு ஓராண்டு மேயராக இருந்து, தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் கூட்டங்களுக்குத் தலைமை வகித்தார்.

1909 ஜூலை 9-இல் ஸ்டட்லி ராயலில் காலமானார். சென்னையில் அவர் பெயருக்கு அடிக்கல் விழ ஐந்து மாதமே இருந்தது. ஒரே மகன் பிரெடரிக் ஆலிவர் இரண்டாம் மார்க்விஸ் ஆனார். தந்தையின் அரசியலில் அவருக்கு நாட்டமில்லை. துப்பாக்கியே அவர் உலகம். வாழ்நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகளையும் விலங்குகளையும் குறிப்பேட்டில் எழுதிவந்தார். தொகை ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. 1923 செப்டம்பர் 22-இல் வேட்டைக்களத்திலேயே உயிர் பிரிந்தது. மகப்பேறு இல்லாமையால் மார்க்விஸ், ஏர்ல், கிரந்தம் பாரன் முதலிய பட்டங்கள் அனைத்தும் அவரோடு அற்றுப்போயின. தோட்டம் வைனர் உறவினரிடம் சென்றது. 1946-இல் மாளிகை தீக்கிரையாயிற்று. பவுண்டன்ஸ் மடத்து இடிபாடுகளும் ஆலயமும் இன்றும் நிற்கின்றன. 1986-இல் அவ்விடத்தை ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.